வலது காலில் ஆரஞ்சு

தொண்ணூற்றாறாம் வருடத்து வெள்ளத்தில் எங்கள் ஏரியில் ஒரு கூழைக்கடா என் வேட்டியைக் கவ்வி, மதகிலிருந்து நடுத்திட்டு வரைக்கும் என்னைத் தூக்கிக்கொண்டு பறந்தது. அப்போது என் எடை நாற்பத்திரண்டு கிலோ. பதமாகத்தான் இறக்கிவிட்டது. வேட்டியை மட்டும் திருப்பித் தரவில்லை. அடுத்த வருடம் அது கட்டிய கூட்டில் பச்சைக் கரை தெரிந்தது.

நான் பொதுப்பணித்துறையில் லஸ்கராக இருந்தவன். ஏரி மதகைத் திறந்து மூடுகிற வேலை. எனக்கு மேலே இருந்த உதவிப் பொறியாளர்கள் இரண்டு பேர் இந்தக் கூழைக்கடா விஷயத்தை நம்பினார்கள். செங்கம் ரோட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்த வெள்ளைக்காரர் ஒருவர் நோட்டில் எழுதிக்கொண்டார். அவரிடம், பௌர்ணமிக்கு நாரைகளும் கிரிவலம் போகும், பறந்து போனால் பலன் இல்லை என்று நடந்தே போகும் என்றும் சொல்லி வைத்தேன். கேமராவோடு போனார். விடிந்ததும் வந்து ஒரு படம் காட்டினார். நாரைதான். நடந்துதான் போய்க்கொண்டிருந்தது. எனக்கே கொஞ்சம் பயமாகிவிட்டது.

நம்பாதவள் என் பெண்சாதி ஆராயி ஒருத்திதான். கல்யாணமாகி நாற்பத்தாறு வருடம். கடையில் உப்பு தீர்ந்துவிட்டது என்று நான் வந்து சொன்னால், அவள் போய் ஒரு தடவை பார்த்துவிட்டு வருவாள். அப்படிப்பட்டவள் நான் சொன்ன ஒன்றை மட்டும் நம்பினாள். புரட்டாசி பிறந்ததும் திட்டுக்குப் போய்விட்டு வந்து நான் சொல்கிற ஒரு வார்த்தை: வந்துடுச்சு.

வந்தது ஒரு உள்ளான். உள்ளங்கை அளவுக் குருவி. முதுகு மண் நிறம், வயிறு வெள்ளை. அதன் வலது காலில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் வளையம், இடது காலில் அலுமினியத்தில் ஒன்று. இரண்டையும் மாட்டியவன் எங்கள் மகன் மாறன்.

ஒரே பிள்ளை. பறவை ஆராய்ச்சிக்காரர்களிடம் வேலைக்குச் சேர்ந்திருந்தான். வலை கட்டிப் பிடிப்பது, எடை போடுவது, காலில் வளையம் மாட்டுவது, விட்டுவிடுவது. புடிச்சத உடறதுக்கா சம்பளம் கொடுக்கறாங்க என்று ஆராயி கேட்டாள். எட்டு வருடங்களுக்கு முன், ஒரு புரட்டாசியில், அந்தக் குழு அனுமதிக் காகிதமெல்லாம் வாங்கிக்கொண்டு எங்கள் ஏரிக்கே வந்தது. கீழ்பென்னாத்தூர் போகிற வழியில் இருக்கிற ஏரி. நடுவில் கருவேல மரம் நான்கைந்து நிற்கிற சின்னத் திட்டு. அதைத் தீவு என்று சொன்னது மாறன்தான். அந்தத் தீவில் உள்ளானுக்கு வளையம் மாட்டிவிட்டு, செல்போனில் படம் எடுத்துவந்து அம்மாவுக்குக் காட்டினான். இமயமலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, எங்கே போனாலும் அடுத்த வருடம் இதே சேற்றுக்குத்தான் திரும்பி வரும் என்றான்.

அடுத்த ஆனியில் மாறன் போய்விட்டான். பைக். மழைகூட இல்லை, ரோடு காய்ந்துதான் கிடந்தது. இதற்கு மேல் இதைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஆராயி அன்றிலிருந்து பேசவில்லை. சோறு வைப்பாள், துணி துவைப்பாள், வாய் மட்டும் திறக்காது. புரட்டாசியில் நான் சும்மா திட்டுக்குப் போனேன். வீட்டில் இருக்க முடியவில்லை, அதனால் போனேன். அங்கே அது நின்றுகொண்டிருந்தது. பின்பக்கத்தை ஆட்டிக்கொண்டு, ஆரஞ்சு வளையத்தோடு. வீட்டுக்கு வந்து சொன்னேன். மூன்று மாதம் கழித்து ஆராயி பேசிய முதல் பேச்சு, "இளைச்சிருக்குதா?"

அப்புறம் ஒவ்வொரு வருடமும் அதே மூன்று கேள்விகள். இளைச்சிருக்குதா? வளையம் கால இறுக்குதா? தனியாத்தான் வந்துச்சா? நான் பதில் சொன்னதும் எழுந்து போய்க் குளிப்பாள், நல்ல புடவை கட்டுவாள், இரண்டு ஆள் சாப்பாட்டைச் சாப்பிடுவாள். அந்த ஒரு நாள் சாப்பாட்டில்தான் அடுத்த புரட்டாசி வரைக்கும் அவள் உயிரோடிருந்தாள் என்று நான் சொன்னால், இதையும் கூழைக்கடா கணக்கில் சேர்த்துவிடாதீர்கள்.

ஐந்து வருடம் வந்தது. ஆறாவது வருடம் வரவில்லை. பதினொரு நாள் போய் உட்கார்ந்து பார்த்தேன். பன்னிரண்டாம் நாள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு, வந்துடுச்சு என்றேன். ஏழாவது வருடமும் அப்படியே. எத்தனையோ பொய் சொன்ன வாய்; இந்த இரண்டுக்கு மட்டும் நாக்கு வறண்டது.

இந்த வருடம் ஆடி மாதத்தில் ஆராயிக்கு இரண்டு கண்ணிலும் புரை எடுத்தார்கள். கட்டுப் பிரித்த அன்று கோபுரத்தில் எத்தனை புறா உட்கார்ந்திருக்கிறது என்று தெருவிலிருந்தே எண்ணிச் சொன்னாள். புரட்டாசி பிறந்ததும் சொன்னாள், "இந்த வருஷம் நானும் வரேன். நானே பாத்துக்கறேன்."

என்னால் ஆனதையெல்லாம் சொன்னேன். ஏரியில் தண்ணிப்பாம்பு ஜாஸ்தி என்றேன். பரிசலில் ஓட்டை என்றேன். புதுக் கண்ணுக்கு ஏரிக் காற்று ஆகாது, வில்லை நழுவி மூக்கு வழியாக வந்துவிடும், போளூரில் ஒருத்தருக்கு வந்தது என்றேன். வழக்கம்போல ஒன்றையும் நம்பவில்லை.

அதனால் சுப்பனைப் பார்த்தேன். ஏரியில் மீன் குத்தகை எடுத்தவரிடம் வேலை செய்கிறவன், ஐம்பது வயது. பரிசல் அவனுடையது. கடந்த இரண்டு வருடம் என்னோடு அவனும்தான் வெறும் சேற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணி வைத்துக் குருவி பிடிப்பதில் அவனை அடிக்க ஆள் கிடையாது. ஜூஸ் கடையில் வாங்கிய ஆரஞ்சு ஸ்ட்ராவில் ஒரு துண்டு நறுக்கி, நீளவாக்கில் கீறி அவன் கையில் கொடுத்தேன். கீறினால் அதுவே சுருண்டு காலைக் கவ்விக்கொள்ளும். ஒரு உள்ளானைப் பிடிச்சு வலது கால்ல மாட்டி உட்டுடு, அலுமினியத்துக்கு நான் ஒரு காரணம் சொல்லிக்கிறேன் என்றேன். தேய்ந்து விழுந்துவிட்டது என்று சொல்வதாக இருந்தேன். இரண்டு நாள் கழித்து, வேல முடிஞ்சுது என்று சுப்பன் போன் பண்ணினான்.

புரட்டாசி கடைசி வாரம், வெள்ளிக்கிழமை. முதல் பஸ்ஸில் கிளம்பினோம். தூக்கில் புளிச்சோறு, ஆஸ்பத்திரியில் கொடுத்த கறுப்புக் கண்ணாடி, மாறனின் பைனாகுலர், மாறனின் செல்போன். அந்த செல்போனில் இப்போது சிம் கிடையாது. ஆராயி அதைத் தினமும் சார்ஜ் மட்டும் போட்டு வைக்கிறாள்.

பரிசலில் ஏறும்போது சுப்பன், "வா அண்ணி, நீ வருவேனு அதுக்குத் தெரிஞ்சிருக்கும்" என்றான். பிறகு எனக்குக் கண் காட்டினான். என்னைவிடப் பெருமையாக இருந்தான்.

திட்டில் மரத்தடியில் கோணி விரித்து உட்கார்ந்தோம். அன்றைக்கு வந்த அளவுக்குப் பறவைகளை நான் எந்த வருடமும் பார்த்ததில்லை. தகைவிலான் குருவிகள் தண்ணீர்மேல் தையல் போடுவதுபோல் போய்ப் போய் வந்தன. மஞ்சள் வாலாட்டிகள் நாற்பது ஐம்பது, வந்து இறங்கிய இடத்திலேயே களைப்பாக நின்றன. கிளுவை வாத்துகள் வடக்கேயிருந்து பத்து பத்தாக வந்து, மலையைப் பார்த்ததும் ஒரு வட்டம் அடித்து ஏரியில் விழுந்தன. ஆராயி பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை. ஒவ்வொன்றையும் பேர் சொன்னாள். எல்லாம் மாறன் சொல்லிக் கொடுத்த பேர். நான் முப்பது வருடம் அந்த ஏரியில் வேலை பார்த்தவன், எனக்குப் பாதி தெரியாது. பிள்ளை ஊரிலிருந்து வந்தால் யார் யார் கூட வந்திருக்கிறார்கள் என்று பஸ்ஸுக்குள் எட்டிப் பார்ப்பார்களே, அந்த மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிளுவை ஏன் பத்து பத்தாக வருகிறது தெரியுமா என்று கேட்டேன். எல்லையில் பட்டாளத்துக்காரன் எண்ணித்தான் உடுவான், அவனுக்குப் பத்துக்கு மேல் எண்ணத் தெரியாது என்றேன். ஆராயி சிரித்துவிட்டாள். சத்தமாக இல்லை. பல் மட்டும் தெரிந்தது. மாறன் போன பிறகு நான் அந்தப் பல்லைப் பார்க்கவில்லை.

அப்போதுதான் அதை நான் பார்த்தேன். இடது பக்கம், கோரைக்கு முன்னால், வெறுங்கண்ணுக்கே தெரிகிற மாதிரி ஆரஞ்சு. சுப்பன் வளையத்தைச் சரியாகத்தான் மாட்டியிருந்தான். வலது கால். ஒரு குறையும் இல்லை. குருவிதான் வேறு.

கழுத்தில் கறுப்புப் பட்டை. கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம். குடுகுடு என்று பத்தடி ஓடி, டக்கென்று நின்று, மறுபடி ஓடுகிற உப்புக்கொத்தி. ஏரிக் கரையிலேயே முட்டையிட்டு அங்கேயே காலந்தள்ளுகிற உள்ளூர்க் குருவி.

வெற்றிலை போடுகிற சாக்கில் பரிசல் பக்கம் போனேன். "இன்னாடா பண்ணி வச்சிருக்கே?"

"இன்னாண்ணே, வலது காலுதானே சொன்னே?"

"காலு சரிடா. குருவி தப்பு."

சுப்பன் எழுந்து பார்த்தான். "உள்ளான்தானேண்ணே அது."

அவன்மேல் குற்றம் இல்லை. எங்கள் ஏரியில் சேற்றில் ஓடுகிற கைப்பிடிக் குருவி எதுவாக இருந்தாலும் அது உள்ளான். அதில் பதினான்கு வகை இருக்கிறது என்று சொன்னவன் மாறன். சுப்பனுக்கு ஒரே வகைதான், குழம்புக்கு ஆகிற வகை. எனக்கும் மாறன் சொல்கிறவரைக்கும் அப்படித்தான். சுப்பனிடம் உள்ளான் என்று சொன்னேனே தவிர, எந்த உள்ளான் என்று சொல்லவில்லை. அவனுக்குத் தெரியாது என்று எனக்குத் தோன்றவே இல்லை.

திரும்பி வந்து ஆராயிக்கு இடது பக்கமாக, அந்தக் கோரையை மறைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அன்று பகல் முழுக்க என் வேலை அதுதான். நானே கட்டச் சொன்ன வளையத்தை அவள் பார்க்காமல் பார்த்துக்கொள்வது. வலது பக்கம் கை காட்டுவேன். அதோ கழுகு என்பேன். கழுகு இருக்காது. தண்ணீரில் சிறுத்தை நீந்துகிறது என்றேன். கிடந்தது ஒரு மரக்கட்டை.

"சும்மா இருங்க, குருவிங்க பறந்துடும்" என்றாள் ஆராயி.

அந்த உப்புக்கொத்திக்கு என்மேல் என்ன கோபமோ, வேறு எங்கும் போகவில்லை. கோரையிலிருந்து எங்கள் கோணி வரைக்கும் ஓடிவரும், நிற்கும், திரும்பும். புளிச்சோறு சாப்பிட்டபோது ஒரு தடவை பன்னிரண்டடி தூரத்தில் வந்து நின்றது. நான் துண்டை உதறினேன். பறந்து போய் அதே கோரைக்கு முன்னால் இறங்கியது.

மூன்று மணிக்குமேல் ஆராயியின் பேச்சு குறைந்தது. வந்துகொண்டிருந்த கூட்டமும் குறைந்தது. வர வேண்டியது எல்லாம் வந்துவிட்ட மாதிரி இருந்தது. "எத்தன மணிக்கு வரும்? எப்பவும் காலையிலயே வந்துடும்னு சொல்வீங்களே?" என்று கேட்டாள். இருட்டறதுக்குள்ள வந்துடும் என்றேன். அப்படிச் சொல்லும்போது, இருட்டியதும் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். இவள் பார்க்காத ஒரு நாளில் வந்ததாக அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். இன்னும் ஒரு வருடம் ஓட்டலாம். அடுத்த வருடத்துக்குள் நான் போய்விட்டால் அதோடு சரி.

நாலரை மணி இருக்கும். எனக்குக் கால் மரத்துப்போய்விட்டது. எழுந்து நீட்டினேன். அவ்வளவு நேரம்தான்.

"என்னாங்க" என்றாள். "ஆரஞ்சு."

அவள் கை என் முழங்காலைத் தேடிப் பிடித்தது. இன்னொரு கை பைனாகுலரைக் கண்ணோடு அழுத்திப் பிடித்திருந்தது. "வலது காலுங்க. வந்துடுச்சுங்க." குரல் அவளுடையதாக இல்லை. எங்களுக்குக் கல்யாணமான புதிதில் அவளுக்கு அப்படி ஒரு குரல் இருந்தது.

நான் எண்ண ஆரம்பித்தேன். எதற்கு எண்ணினேன் என்று தெரியவில்லை. ஒன்பது வரைக்கும் எண்ணினேன். அந்த ஒன்பது எண்ணிக்கைக்கு அவளிடம் எல்லாம் இருந்தது. அப்புறம் என் முழங்காலில் இருந்த விரல்கள் ஒவ்வொன்றாக இளகின.

"இது அது இல்லீங்க."

"அதுதான்."

"கழுத்துல கருப்பு இருக்குது."

"வயசாயிருச்சு இல்ல? நமக்குத் தலை வெளுக்கற மாதிரி அதுங்களுக்குக் கழுத்து கறுக்கும்" என்றேன். வாழ்நாளில் நான் சொன்ன பொய்களிலேயே மட்டமான பொய் அது. சொல்லும்போதே தெரிந்தது.

ஆராயி மடியிலிருந்து மாறனின் செல்போனை எடுத்து அந்தப் படத்தைத் திறந்தாள். எங்கே இருக்கிறது என்று தேடவில்லை. கட்டைவிரலுக்கு வழி தெரிந்திருந்தது. படத்தையும் குருவியையும் மாறி மாறிப் பார்த்தாள். இது தோள்ல வெள்ளைக் கீத்து இல்ல, அது ஓடி ஓடி நிக்காது, நின்னுக்கிட்டே பின்னால ஆட்டும் என்றாள். எனக்குச் சொல்லவில்லை. யாரோ கேட்ட கேள்விக்குப் பரீட்சையில் பதில் சொல்கிற மாதிரி சொன்னாள். அப்புறம் பைனாகுலரில் அந்த வளையத்தையே ரொம்ப நேரம் பார்த்தாள்.

"யாரு கட்டினது?"

பரிசலிலிருந்து சுப்பன், "நான்தான் அண்ணி" என்றான். அவனைப் பேசச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

அவள் என்னைப் பார்த்தாள். "சொன்னது?"

"நான்தான்."

"அது வரலியா?"

"வரல."

"போன வருஷம்?"

"வரல."

"அதுக்கு முந்தின வருஷம்?"

"வரல."

பதினொரு நாள் உட்கார்ந்திருந்ததைக்கூடச் சொல்லவில்லை. அடிப்பாள் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் செல்போனை அணைத்து முந்தானையில் துடைத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அத அவுத்து உடச் சொல்லுங்க" என்றாள். "பாவம், அதுக்கு இன்னாத்துக்கு இது."

சுப்பன் நைலான் நரம்பை எடுத்துக் கோரைக்கு முன்னால் ஐந்து கண்ணி வைத்தான். நாங்கள் மூன்று பேரும் மரத்துக்குப் பின்னால் போய் நின்றோம். ஓடிற்று, நின்றது, ஓடிற்று. நாலாவது கண்ணியைத் தாண்டி, ஐந்தாவதில் கால் வைத்தது. சுப்பன் போய் எடுத்து என்னிடம் நீட்டினான். ஆராயி கையை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

அவள் அதைப் பிடித்த விதத்தைப் பார்த்து நான் அப்படியே நின்றுவிட்டேன். ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் கழுத்து, உள்ளங்கையில் முதுகு, இறக்கை நசுங்காமல். குருவி துடிக்கவில்லை. மாறன் ஒருநாள் எலுமிச்சம்பழத்தை வைத்து அவளுக்குச் சொல்லிக்கொடுத்தானாம். எனக்கு அன்றுதான் தெரியும். என்றைக்காவது கையில் கொண்டுவந்து கொடுப்பான் என்று நினைத்தாளோ என்னவோ.

நகத்தால் ஸ்ட்ராவை நெம்பினாள். கழன்று வந்துவிட்டது. உடனே விடவில்லை. குருவியின் நெஞ்சில் ஒரு விரலை வைத்துக்கொண்டு நின்றாள். "இவ்ளோ வேகமா அடிக்குது" என்றாள். பிறகு குனிந்து சேற்றில் கையைத் திறந்தாள். அது பறக்கவில்லை. பத்தடி ஓடி நின்றது. வளையம் இருந்த காலை ஒருமுறை உதறிக்கொண்டது. மறுபடி ஓடிப்போய் மற்றவையோடு சேர்ந்துகொண்டது. எது என்று அப்புறம் அடையாளம் தெரியவில்லை.

பரிசலில் மூவரும் ஏறினோம். மலைக்குப் பின்னால் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. கிளுவைகள் இன்னும் இரண்டு கூட்டம் வந்தன. ஆராயி தலை நிமிரவில்லை. பாதி தூரம் வந்ததும் கேட்டாள்.

"அதுக்கு முன்னால அஞ்சு வருஷம் வந்துச்சே. அது?"

"வந்துச்சு."

"நிஜமா?"

"நிஜமா ஆராயி. அஞ்சு வருஷமும் வந்துச்சு. நான் பாத்தேன்."

சுப்பன் துடுப்பை நிறுத்தினான். "நானும் பாத்தேன் அண்ணி. உள்ளான் வந்துச்சு" என்றான். அவன் வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம்.

எப்படியாவது நம்பவைத்துவிட வேண்டும் என்று முதல் வருடத்தைச் சொல்ல ஆரம்பித்தேன். லேசான தூறல், காலை ஏழு பத்து, வடக்கு மூலையில் கருவேல வேர் தண்ணீரில் இறங்குகிற இடம், தனியாக நின்று பின்பக்கத்தை ஆட்டிக்கொண்டிருந்தது என்றேன். சொல்லச் சொல்ல எனக்கே கேட்டது. அந்தத் தூறலைத்தான் போன வருடம் எடுத்துப் பொய்யில் வைத்திருந்தேன். அந்த வேரை அதற்கு முந்தின வருடம். ஏழு பத்தை இரண்டிலும். பொய் நன்றாக நிற்க வேண்டும் என்று நிஜத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் கொண்டுபோய் நட்டிருந்தேன். இப்போது நிஜத்துக்கு என்று தனியாக ஒன்றும் மிச்சமில்லை. பாதியில் நிறுத்திவிட்டேன்.

ஆராயி என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வில்லை மாற்றிய கண்ணில் எதுவும் தப்பாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவர் குருவியைப் பற்றிச் சொல்லவில்லை, பேப்பர் படிப்பதைப் பற்றிச் சொன்னார். என் முகத்தில் நிஜம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. நான்தான் அதைப் பழக்கவே இல்லை.

"சரி" என்றாள்.

கரையில் கையைக் கொடுத்தேன், பிடித்துக்கொண்டு இறங்கினாள். சுப்பன் பஸ் ஏறும்வரைக்கும் கூடவே வந்து நின்றான். பஸ்ஸில் கூட்டம் கம்மி, ஜன்னலோரம் உட்கார்ந்தாள். ஊர் வரப் பத்து நிமிடம் இருக்கும்போது, என் பக்கம் திரும்பாமலேயே கேட்டாள்.

"முத வருஷமாவது வந்துச்சாங்க?"

"வந்துச்சு" என்றேன்.

அவள் வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள்.